நெஞ்சு எக்ஸ்ரேயில் நோய் எது, உடல்வாகு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் கவரில் போட்டு வாங்கியாயிற்று. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வார்த்தையையும் போனில் தேடிப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் நிறைய. கதிரியக்கப் பிரிவில் தினமும் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எங்களிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இங்கே. உங்கள் படத்தைப் பார்க்காமல் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று இந்தப் பக்கம் சொல்லிவிட முடியாது. ரிப்போர்ட்டில் உள்ள வரிக்கு என்ன பொருள், டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

‘நார்மல் வேரியன்ட்’ என்று எழுதியிருக்கிறது. நார்மலா, இல்லையா?

நார்மல்தான். உறுப்பு நன்றாக வேலை செய்கிறது. அமைந்திருக்கும் விதம் மட்டும் பெரும்பாலானவர்களிடமிருந்து கொஞ்சம் மாறியிருக்கிறது. பிறவியிலேயே வந்த அமைப்பாக இருக்கலாம், வயது கூடக்கூட வருவதாகவும் இருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

எக்ஸ்ரே என்பது தட்டையான நிழல் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோல், மார்பகம், தசை, முன்பக்க விலா, நுரையீரல், இதயம், முதுகெலும்பு, பின்பக்க விலா எல்லாமே ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இரண்டு சாதாரண நிழல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று இருப்பது போலத் தோன்றும். நுரையீரலில் கட்டி என்று பயந்து வருகிறவர்களில் கணிசமான பேருக்கு அந்த ‘கட்டி’ நுரையீரலுக்குள்ளேயே இருக்காது.

இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?

இருக்காது, இருக்கவும் கூடாது. நுரையீரலுக்குள் ரத்தக்குழாய்களும் மூச்சுக்குழல்களும் நுழையும் இடத்தை ஹைலம் என்போம். பெரும்பாலானவர்களுக்கு இடது ஹைலம் வலதைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். வலது ஹைலம் மேலே இருந்தால்தான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். மூச்சுக்குழாய் நடுவில் இறங்கி வந்து, பெருந்தமனி வளையும் இடத்தில் லேசாக வலப்பக்கம் ஒதுங்கும். அதுவும் சகஜம்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் வலது மேடு இடதைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். கல்லீரல் கீழிருந்து தள்ளுவதால் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் தாழ்ந்துவிடுகிறது. சிலருக்கு இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும், மிகச் சிலருக்கு இடது சற்று உயர்ந்தும் இருக்கும். வலது நுரையீரலின் மேல் மடலுக்கும் நடு மடலுக்கும் இடையே ஓடும் மெல்லிய கிடைக்கோடு ஏறக்குறைய பாதிப் பேர் படத்தில் தெரியும், மீதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, அதனால் ஒன்றுமில்லை.

‘பிராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ் அதிகமாக உள்ளன’ என்றால் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா?

இந்த வரியைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தமிழ்நாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகளில் இதைவிடச் சுலபமாக எழுதப்படும் வரி வேறு எதுவும் இருக்காது. நுரையீரலுக்குள் கிளை கிளையாகப் பிரியும் ரத்தக்குழாய்களும் மூச்சுக்குழல்களும் தெரிவதைத்தான் அது சொல்கிறது. அவை எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு தெரிந்தால் ‘அதிகம்’ என்பதற்குத் திட்டமான அளவுகோல் இல்லை.

முழு மூச்சு இழுக்காமல் படம் எடுத்தால் குழாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு அதிகமாகத் தெரியும். பருமனான உடம்பிலும் அப்படித்தான். புகைபிடிப்பவர்களிடமும், நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உள்ளவர்களிடமும் உண்மையாகவே கூடியிருக்கலாம். இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் எதுவும் இல்லாமல் இந்த ஒரு வரி மட்டும் ரிப்போர்ட்டில் இருந்தால், அதற்காக ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டியதில்லை.

ஹார்ட் பெரிதாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்களே?

முதலில் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஃபிலிமின் ஓரத்தில் பி.ஏ. அல்லது ஏ.பி. என்று இருக்கும். நின்றுகொண்டு, நெஞ்சைப் பலகையில் ஒட்டி, முதுகுப் பக்கமிருந்து கதிர் வருமாறு எடுப்பது பி.ஏ. கதிர்க்குழாய் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு முன்பக்கமிருந்து, சுமார் 100 சென்டிமீட்டர் தூரத்தில் எடுப்பது ஏ.பி. இதயம் நெஞ்சின் முன்பகுதியில் இருக்கிறது. விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் கையை நீட்டி, சுவரை விட்டு விளக்கை நோக்கி நகர்த்தினால் கையின் நிழல் பெரிதாகும் அல்லவா, அதேதான் ஏ.பி. படத்தில் இதயத்துக்கு நடக்கிறது. ஐ.சி.யூ.வில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இதயம் வீங்கிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது.

நின்று எடுத்த பி.ஏ. படத்தில், இதய நிழலின் அகலம் நெஞ்சுக்கூட்டின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. டான்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 1919-ல் வெளியிட்ட அளவு அது. நூறு வருடம் தாண்டியும் அதைத்தான் வைத்து ஓட்டுகிறோம். அளப்பது சுலபம், தவறாக அளப்பது அதைவிடச் சுலபம். பாதி மூச்சில் எடுத்தால் உதரவிதானம் மேலே ஏறி, இதயம் படுத்த வாக்கில் அகலமாகத் தெரியும். நல்ல மூச்சு இழுத்திருக்கிறாரா என்று பார்க்கப் பின்பக்க விலாக்களை எண்ணுவோம்: உதரவிதானத்துக்கு மேலே 9 அல்லது 10 விலா தெரிய வேண்டும். ஏழுதான் தெரிகிறது என்றால் இதயத்தின் அளவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் கொழுப்பு. இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் உள்ள மூலையில் கொழுப்புத் திண்டு ஒன்று உண்டு. உடம்பு பருமனாக இருந்தால் அது பெரிதாகி, இதயத்தின் விளிம்போடு சேர்ந்து இதயமே அகன்றுவிட்டது போலக் காட்டும்.

மார்பெலும்பு உள்வாங்கிக் குழிவிழுந்த நெஞ்சு இன்னொரு காரணம். ஒல்லியான, உயரமான இளைஞர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். எலும்பு உள்ளே அழுத்துவதால் இதயம் இடப்பக்கம் நகர்ந்து பெரிதாகத் தெரியும். அதோடு இதயத்தின் வலது விளிம்பு மங்கிப்போய், வலது நடு மடலில் நிமோனியா என்று ஏமாற்றும். இந்தப் படங்களில் முன்பக்க விலாக்கள் வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கும், பின்பக்க விலாக்கள் படுத்துக் கிடக்கும். அதைக் கவனித்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மூச்சிரைப்பு, கால் வீக்கம், பி.பி. என்று ஏதாவது இருந்தால் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள். இதயத்தின் அளவைச் சரியாகச் சொல்வது அதுதான்.

நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வட்டமாக ஒரு புள்ளி. புற்றுநோயா?

ஐந்தாவது, ஆறாவது முன்பக்க விலாவின் அருகே, ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட வட்ட நிழல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மார்புக்காம்பு. பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண்களுக்கும்தான். பலகையில் நெஞ்சு எப்படி அழுந்துகிறது என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் தெரியும், ஒரு பக்கம் மட்டும் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. போன வருடப் படத்தில் இல்லாத புள்ளி இந்த வருடம் தெரிவதால் அது புதிதாக முளைத்ததாக ஆகிவிடாது.

காம்பு உடம்புக்கு வெளியே, காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அதன் நிழலில் ஒரு விளிம்பு, பெரும்பாலும் வெளிப்பக்க விளிம்பு, கத்தி வைத்து வெட்டினாற்போல் கூர்மையாக இருக்கும்; எதிர் விளிம்பு மங்கி மறைந்துவிடும். நுரையீரலுக்குள் உள்ள கட்டிக்குச் சுற்றிலும் காற்று இருப்பதால் பொதுவாக எல்லாப் பக்கமும் விளிம்பு தெரியும். இதே உயரத்தில் மறுபக்கமும் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் பெரும்பாலும் பேச்சு முடிந்தது.

சந்தேகம் மிச்சமிருந்தால் செய்யும் சோதனை மிகச் சாதாரணமானது. இரண்டு காம்பின்மேலும் சின்ன உலோகத் துண்டு ஒன்றைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, இன்னொரு படம் எடுப்பார்கள். உலோகம் வெள்ளையாகத் தெரியும். புள்ளியும் உலோகமும் ஒரே இடத்தில் விழுந்தால் காம்பு. புள்ளி தனியாக நின்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதுதான். இந்த ஒரு படத்துக்குச் சங்கடப்பட்டுக்கொண்டு நேராக சி.டி. ஸ்கேனுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தோலில் உள்ள மரு, பெரிய மச்சம், கொழுப்புக் கட்டி ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். அப்படி எதுவும் இருந்தால் டெக்னீஷியனிடம் முன்பே காட்டிவிடுங்கள்.

நுரையீரலின் உச்சியில் ‘பேட்ச்’ இருக்கிறதாம். டிபிதானே?

டிபி உச்சியில் இடம் பிடிக்கும் என்பது உண்மை. நம் ஊரில் அந்தச் சந்தேகம் முதலில் வருவதும் நியாயம்தான். ஆனால் அந்த இடத்தில்தான் நிழல்களின் நெரிசலும் அதிகம்: காறை எலும்பு, முதல் இரண்டு விலாக்கள், கழுத்துத் தசை, கூடவே தலைமுடி.

நீளமான பின்னல் தோளில் சரிந்து கிடந்தால் நுரையீரல் உச்சியில் வரிவரியான வெள்ளை நிழலாக விழும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, அதில் ஒரு ரப்பர் பேண்ட், இரண்டு ஹேர்பின் என்றால் கேட்கவே வேண்டாம். நிழல் காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்குள்ளும் தொடர்ந்து போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நுரையீரல் நோய் நுரையீரலின் எல்லையைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறாது. அதனால்தான் முடியைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்கிறார்கள். தாலிக்கொடியில் கோத்த சேஃப்டி பின், ரவிக்கைக் கொக்கி, கழுத்துக் கயிற்றில் தாயத்து, இவை பளிச்சென்று தெரிவதால் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஆனால் அடியில் உள்ளதை மறைத்துவிடும்.

உடம்புக்குள் இருப்பவற்றில், முதல் விலாவும் அதன் குருத்தெலும்பும் சேரும் இடம் முக்கியமானது. அங்கே சுண்ணாம்புச் சத்து படிந்து திட்டுத்திட்டாக வெளுக்கும், சிலருக்கு இளம் வயதிலேயே. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்றிருந்தால் பார்ப்பதற்கு அசல் நுரையீரல் கட்டி போலவே இருக்கும். கதிரைச் சற்றுச் சாய்த்து, காறை எலும்பு மேலே விலகுமாறு எடுக்கும் தனிப் படம் ஒன்று உண்டு. அதில் நிழல் விலாவோடு சேர்ந்து நகர்கிறதா, நுரையீரலில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். காறை எலும்புக்கு மேல் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய சாம்பல் கோடு, எலும்பை மூடிய தோலின் நிழல். அதே எலும்பின் உள்முனையில் கீழ்ப்பக்கம் அரித்தது போன்ற பள்ளம் இருந்தால், அது விலாவோடு பிணைக்கும் தசைநார் ஒட்டியிருக்கும் குழி. எலும்பை எதுவும் தின்றுவிடவில்லை.

இன்னொன்று: எக்ஸ்ரேயை மட்டும் வைத்து டிபி என்று உறுதி செய்வதில்லை. சளியை ட்ரூநாட் அல்லது சிபிநாட் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபுறம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால், எக்ஸ்ரேயில் தெரிவது எலும்புதான் என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

‘அசைகோஸ் லோப்’ என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒரு நுரையீரல் மடல் அதிகமா?

பெயர்தான் அப்படி. தனியான மூச்சுக்குழல் அதற்குக் கிடையாது. அதனால் உண்மையான மடலும் இல்லை. வலது மேல் மடலின் ஒரு பகுதிதான்.

முதுகெலும்பின் வலப்பக்கமாக ஏறிவரும் அசைகோஸ் என்ற சிரை (ரத்தக்குழாய்), வலது மூச்சுக்குழலின் மேல் வளைந்து பெருஞ்சிரையில் சேரும். கருவில் இருக்கும்போது அதன் முன்னோடிச் சிரை நுரையீரல் உச்சியைச் சுற்றி உள்பக்கமாக நழுவி அந்த இடத்துக்கு வர வேண்டும். சிலருக்கு நழுவாமல், வளரும் நுரையீரலுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறது. இறங்கும்போது நுரையீரல் உறையையும் இழுத்துக்கொண்டு வருவதால் அந்த மடிப்பில் நான்கு அடுக்கு உறை சேர்ந்துவிடுகிறது.

படத்தில் இது அழகாகத் தெரியும். வலது உச்சியிலிருந்து முடி அளவு மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, வெளிப்பக்கம் வளைந்து, ஹைலத்துக்குச் சற்று மேலே ஒரு நீர்த்துளி வடிவ நிழலில் போய் முடியும். அந்தத் துளிதான் சிரை. படிக்கும் காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு யாருக்கும் மறக்காது. எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஆயிரத்தில் நான்கு பேருக்கும், சி.டி.யில் நூற்றில் ஒருவருக்கும் தெரியும். 18-ஆம் நூற்றாண்டிலேயே, எக்ஸ்ரே வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே, உடற்கூறு ஆய்வில் இதைப் பார்த்து எழுதி வைத்துவிட்டார்கள்.

இதனால் மூச்சுக்குக் குறைவில்லை. விளையாடலாம், ஓடலாம். நெஞ்சுக்குள் கேமரா விட்டு அறுவை செய்ய வேண்டி வந்தால் மட்டும் சர்ஜனிடம் சொல்லுங்கள். வழியில் ஒரு சிரை குறுக்கே ஓடுவது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்தில் ஒரு விலா எலும்பு அதிகம் இருக்கிறதாம். எடுத்துவிட வேண்டுமா?

ஏழாவது கழுத்து முள்ளெலும்பிலிருந்து முளைக்கும் இந்த ‘செர்விகல் ரிப்’ நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக, ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகமாகக் காணப்படும். விரல் நுனியளவு மொட்டாக இருக்கலாம், முழு விலாவாக நீண்டு முதல் விலாவோடு இணைந்தும் இருக்கலாம். முதல் விலாவையே செர்விகல் ரிப் என்று எண்ணிக் குழம்புவதும் உண்டு. முள்ளெலும்பின் பக்கக் கொம்புகளைப் பாருங்கள்: கழுத்து எலும்பில் அவை கீழ்நோக்கிச் சாயும், முதுகு எலும்பில் மேல்நோக்கி நிமிரும்.

பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் வராது, எடுக்கத் தேவையில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது, உள்ளங்கைத் தசை மெலிவது, கையைத் தூக்கினால் வெளிறிக் குளிர்ந்துபோவது போன்றவை இருந்தால், அந்த எலும்போ அதிலிருந்து நீளும் நாரோ நரம்பையோ தமனியையோ அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் உடற்பயிற்சிச் சிகிச்சைதான்.

விலா நுனி இரண்டாகப் பிளந்திருப்பது (அதிகமும் நான்காவது விலாவில்), பக்கத்து விலாவோடு ஒட்டியிருப்பது, ஒரு பக்கம் பதினொன்றோ பதின்மூன்றோ இருப்பது, எல்லாம் இதே கணக்கில் சேரும். குழந்தையின் நெஞ்சில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது என்று அம்மா கூட்டிவந்து, படத்தில் பிளந்த விலா தெரிவது வழக்கமாக நடப்பதுதான்.

கைக்குழந்தையின் எக்ஸ்ரேயில் நெஞ்சு நடுவில் பெரிய நிழல் இருக்கிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நம்பலாமா?

நம்பலாம். அது தைமஸ். நோய் எதிர்ப்பு அணுக்களைப் பழக்கும் சுரப்பி. உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் பச்சிளம் பருவத்தில்தான் மிகப் பெரிதாக இருக்கும். இரண்டு, மூன்று வயது வரை எக்ஸ்ரேயில் தெரியும், பிறகு நிழலில் தனியாகத் தெரியாது. சிலருக்கு வலப்பக்கம் கப்பல் பாய் விரித்தாற்போல் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும். மெத்தென்ற உறுப்பு என்பதால் விலாக்கள் அழுத்தும் இடங்களில் அதன் விளிம்பு அலை அலையாக வளையும், மூச்சுக்குழாயை அது தள்ளாது. கட்டி என்றால் தள்ளும். குழந்தைகளின் இதயமும் நெஞ்சகலத்தில் 60 சதவீதம் வரை இருக்கலாம்; பெரியவர்களின் ‘பாதி’ விதி அவர்களுக்குச் செல்லாது.

இந்த நிழலை நோய் என்று நினைத்ததால் நடந்த கொடுமை ஒன்று மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. தூக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளை 19-ஆம் நூற்றாண்டில் அறுத்துப் பார்த்தவர்கள், தைமஸ் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். அதுதான் மூச்சை அடைத்துக் கொன்றது என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் ‘சரியான அளவு’ என்று ஒப்பிட்டதோ, நாள்பட்ட நோயிலும் பட்டினியிலும் இறந்த ஏழைகளின் உடல்களை. நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. சுருங்கிப்போனது இயல்பாகிவிட்டது, இயல்பானது வீக்கமாகிவிட்டது.

1907-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஃப்ரீட்லாண்டர் என்ற மருத்துவர், கதிர் கொடுத்துக் குழந்தையின் தைமஸைச் சுருக்கியதாக எழுதினார். அடுத்த சில பத்தாண்டுகளில் நோயே இல்லாத எத்தனையோ குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் கதிர் பாய்ச்சினார்கள். நிழல் சுருங்கியது, எல்லாரும் திருப்தி அடைந்தார்கள். 1950-ல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இருவர் தைராய்டு புற்றுநோய் வந்த 28 இளம் நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அவர்களில் 10 பேர் குழந்தையில் தைமஸுக்காகக் கதிர் வாங்கியவர்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் ஓய்ந்தது. நார்மல் எது என்று படிப்பதற்கு எங்கள் பயிற்சியில் இவ்வளவு நேரம் செலவழிப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இதயம் வலது பக்கம் இருக்கிறதாம்!

முதலில் ஃபிலிமை யாராவது திருப்பி மாட்டிவிட்டார்களா, பக்கக் குறியைத் தவறாக வைத்துவிட்டார்களா என்று பார்ப்போம். அது சரியாக இருந்து, இரைப்பையின் காற்றுக் குமிழும் வலப்பக்கமே இருந்தால், உள்ளுறுப்புகள் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு இப்படி அமையும். எல்லாம் சேர்ந்து மாறியிருந்தால் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். இவர்களில் சிலருக்கு மட்டும், 1933-ல் கார்டாகனர் என்ற மருத்துவர் விவரித்தது போல, சைனஸ் தொல்லையும் ஓயாத சளியும் கூடவே இருக்கும். அவர்களைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். இதயம் மட்டும் மாறி, இரைப்பை தன் வழக்கமான இடத்திலேயே இருந்தால் எக்கோ கட்டாயம்.

இப்படி அமைந்தவர்கள் பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. குடல்வால் வலி அவர்களுக்கு இடப்பக்கம் வரும், ஈ.சி.ஜி. ஒயர்களையும் மாற்றி ஒட்ட வேண்டும்.

உதரவிதானத்துக்கு அடியில் காற்று தெரிகிறது என்று அவசரமாகச் சர்ஜனிடம் அனுப்பினார்கள். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?

குடலில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியேறி வலது உதரவிதானத்துக்கு அடியில் பிறை வடிவில் தேங்கும். அது உயிர் போகும் அவசரம். அனுப்பியது தவறே இல்லை. ஆனால் சிலருக்குப் பெருங்குடலின் ஒரு வளைவு கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். குடலுக்குள் இருக்கும் காற்றுதான் தெரிகிறது. அந்தக் காற்றுக்குள் குடலின் மடிப்புகள் தெரிந்தால் ஓட்டை இல்லை. 1910-ல் வியன்னாவில் இதை விவரித்த சிலைடிட்டி என்ற மருத்துவரின் பெயரால் இந்த அமைப்பை அழைக்கிறோம். உதரவிதானத்தின் ஒரு பகுதி மட்டும் மெலிந்து, குன்று போல மேலே எழும்பியிருப்பதும் வலப்பக்கத்தில் சகஜம்.

அப்பாவுக்கு எழுபது வயது. ‘அன்ஃபோல்டிங் ஆஃப் அயோர்ட்டா’, ‘கால்சிஃபிகேஷன்’ என்கிறார்கள்.

வயதானால் பெருந்தமனி நீண்டு வளையும், சுவரில் சுண்ணாம்பு படியும். விலாக் குருத்தெலும்பிலும் படியும்: ஆண்களுக்கு ஓரங்களில், பெண்களுக்கு நடுவில். பி.பி., கொலஸ்ட்ராலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமனி உண்மையாகவே அகன்றிருக்கிறதா என்ற சந்தேகத்தை டாக்டர் எழுப்பினால் மட்டும் அடுத்த பரிசோதனை.

வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் எக்ஸ்ரேயைப் பார்த்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

வளைகுடா வேலைக்கும், இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டன் போவதற்கும் நெஞ்சு எக்ஸ்ரே கேட்கிறார்கள். அவர்கள் தேடுவது முக்கியமாக டிபியை. அசைகோஸ் மடிப்பும் செர்விகல் ரிப்பும் டிபி இல்லை. ஆனால் அங்கே பார்ப்பவர் சந்தேகம் வந்தால் நிறுத்தத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய படங்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு ஒரு ரேடியாலஜிஸ்டிடம் போய், நிழல் எதனால் என்று பெயரிட்டு எழுதி வாங்குங்கள். ‘ஒன்றுமில்லை’ என்று பொதுவாக எழுதிய சீட்டு உதவாது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சளிப் பரிசோதனை கேட்டால் கொடுத்துவிடுங்கள். இடைத்தரகர் யாராவது ‘பாஸ் பண்ணித் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டரே படிக்கிறதாமே?

படிக்கிறது. டிபி சல்லடைக்காக 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் எக்ஸ்ரேக்களை மென்பொருள் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. மனிதரை ஏமாற்றும் காம்பும் பின்னலும் அதையும் ஏமாற்றக்கூடும். அது சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவது தீர்ப்பு இல்லை, ‘இங்கே ஒருமுறை பாருங்கள்’ என்ற குறிப்பு மட்டுமே.

எதற்கும் ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துவிடலாமா?

ஒரு பி.ஏ. நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர் அளவு ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் இயற்கையாகவே வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். அந்தக் கணக்கில் எக்ஸ்ரே மூன்று நாள் பங்கு. வழக்கமான நெஞ்சு சி.டி.யோ ஐந்திலிருந்து ஏழு மில்லிசீவர்ட் வரை போகும். தேவைப்பட்டால் தயங்காமல் எடுக்க வேண்டியதுதான். பழைய படத்தோடு ஒப்பிட்டும், உலோகத் துண்டு ஒட்டியும், சாய்த்து எடுத்தும் தீராத சந்தேகத்துக்கு சி.டி. பதில் சொல்லும். பெயர் தெரிந்த வேரியன்ட்டுக்கு ‘எதற்கும்’ எடுப்பது வீண் செலவு. அதிகம் புகைபிடித்தவர், ஐம்பதைத் தாண்டியவர், சளியில் ரத்தம் பார்த்தவர் என்றால் கணக்கு வேறு. அவர்களுக்குச் சின்ன சந்தேகத்துக்கும் சி.டி. கேட்போம்.

எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

முடியைத் தூக்கிக் கட்டுங்கள், கழுத்தில் இருப்பதைக் கழற்றுங்கள், அவர்கள் கொடுக்கும் கவுனைப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்றதும் வாயை மட்டும் மூடிக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம். நன்றாக இழுத்து, அசையாமல் பிடியுங்கள். பழைய நெஞ்சு நோய், அறுவை, எலும்பு முறிவு இருந்தால் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஃபிலிம்களைத் தூக்கிப்போடாதீர்கள். இரண்டாவது கருத்துக்கு அனுப்பும்போது, ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து வாட்ஸ்அப்பில் எடுத்த போட்டோ வேண்டாம். ட்யூப்லைட்டின் கோடும், பிடித்த விரலும், போனின் நிழலும் புதிதாக நான்கு ‘பேட்ச்’ சேர்த்துவிடும். எடுத்த இடத்தில் டைகாம் கோப்பு (படத்தின் அசல் கம்ப்யூட்டர் பதிவு) என்று கேளுங்கள், குறுந்தட்டில் பதிந்தோ, இணைப்பாகவோ தருவார்கள்.